பன்னிரண்டாவது நாற்காலி

இயேசு மரி சூசை துணை

திருமுல்கேரி,
20 ஏப்ரல் 2007

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே உன் அப்பாவின் பிரஷரும் என் முழங்காலும் நீங்கலாக மற்றதெல்லாம் சுகம். டாலஸில் நீயும் மாப்பிள்ளையும் நேத்தன் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் சேர்த்துக்கொள்கிறேன், அவனுக்குச் சளி விட்டதா என்று எழுது. இத்தனை வசதி வந்த பிறகும் இவள் எதற்குத் தபாலில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். நம் வீட்டில் மெயில் ஐடி ஒன்றுதான், அதைத் திறப்பதும் மூடுவதும் உன் அப்பா, எனக்கு வருவதையும் அவரே படித்துவிட்டு ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி எனக்கு வாசிப்பார். போன் என்றால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். இது அவர் பார்க்கக் கூடாத கடிதம். காய்கறி வாங்குகிற சாக்கில் நானே லால்பஜாரில் தபாலில் சேர்க்கப் போகிறேன்.

போன வாரம் நீ அப்பாவுக்கு எழுதிய மெயிலைப் பற்றித்தான் பேச்சு. பெரிய வியாழன் பூசையில் அவர் வராமல் காலியாகக் கிடந்த நாற்காலியின் போட்டோவை நம் பங்கின் தமிழ் யாகூ குரூப்பில் பார்த்துவிட்டு எழுதினாயே, அந்த மெயில். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தப் போட்டோவைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நடந்தது வேறு, முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் தமிழ் சங்கத்துக்குத் தைரியநாதன் சார் தலைவர் ஆனது உனக்குத் தெரியும். பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவருக்கு வீட்டில் அதிகாரம் செய்ய ஆள் இல்லை, அதனால் சங்கம். விசுவாசத்தைச் சேவையில் வாழ்ந்து காட்டுகிறவர்களை இந்தத் தவக்காலத்தில் கௌரவிக்க வேண்டும், அவர்களில் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துப் பெரிய வியாழன் அன்று, ஆண்டவர் சீடர்களுக்குக் கழுவியது மாதிரி, அவர்கள் பாதத்தைத்தான் ஃபாதர் கழுவ வேண்டும் என்று தீர்மானம் போட்டார். இத்தனை வருஷமாக அந்தப் பன்னிரண்டு நாற்காலியில் உட்கார ஆள் கிடைக்காமல் உபதேசியார் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரைப் பிடித்து இழுத்து வருவார், இந்த வருஷம் அதுவே விருது ஆகிவிட்டது. சீடர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதால் பெண்களுக்குக் கால் இல்லை என்று முதல் கூட்டத்திலேயே முடிவாயிற்று. துண்டு தைத்துக் கொடுப்பதும் பிறகு அந்தத் துண்டுகளைத் துவைத்துக் கொடுப்பதும் எங்களுக்கு விட்டுக் கொடுத்தார்கள், பெருந்தன்மைதான்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கிற தூத்துக்குடிப் பையன் ஆல்வின் கம்ப்யூட்டரில் ஒரு மார்க் திட்டம் போட்டான். நோயாளியைப் பார்க்கப் போனால் இத்தனை மார்க், போட்டோ இருந்தால் அதற்கு மேல் இத்தனை, நோயாளி சிரித்தபடி இருந்தால் போனஸ். அவ்வளவுதான், பங்கு முழுக்கச் சேவை வெறி பிடித்தது. மார்ச் வெயிலில் கம்பளி கொடுத்தார்கள். முதியோர் இல்லத்துக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமை ஐந்து கோஷ்டி ரொட்டியும் வாழைப்பழமுமாகப் போய் நிற்க, அங்கிருக்கும் ஒரு தெலுங்குப் பாட்டி இனிமேல் பழத்தோடு எவனாவது உள்ளே வந்தால் தடியால் அடிப்பேன் என்று கேட்டைச் சாத்திவிட்டாளாம். நம் தெரு மதலேன் அக்கா இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறாள் அல்லவா, கேமராவோடு ஆள் வந்துகொண்டே இருந்ததில் அவள் தினமும் தலைவாரி, பட்டுப்புடவை கட்டிப் படுத்துக்கொண்டாள். படுக்கைக்கு ஏன்டி பட்டு என்று கேட்டால், என் படம் எந்த நாட்டுக்கெல்லாம் போகிறதோ என்கிறாள்.

உன் அப்பாவுக்கு இந்த விருது வேண்டும் என்று எவ்வளவு ஆசை என்பதை நான் மறைக்க மாட்டேன். முப்பத்து மூன்று வருஷம் டிஃபென்ஸ் ஆபீசில் உழைத்து, கடைசி புரமோஷன் கிடைக்காமலே வெளியே வந்த மனுஷன். கோயில் வாசலில் விசில் ஊதிக் கார்களை ஒழுங்குபடுத்துகிறாரே, அதுகூட யாராவது ஒருத்தர் தேங்க்யூ மரியபிரகாசம் சார் என்று சொல்ல மாட்டார்களா என்றுதான். ஆல்வினுக்கு அனுப்ப வேண்டியதை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பார்க்கிங், மைக் செட், கிறிஸ்துமஸ் குடில், தேர்ப்பவனியில் கூட்டத்தை ஒதுக்கியது எல்லாம் வந்தது. குணசேகரன் விஷயத்தையும் எழுதட்டுமா என்று கேட்டேன், பேனாவைப் பிடுங்காத குறையாகக் கத்தினார்.

குணசேகரன் என்றால் உனக்கு நினைவிருக்கும், அப்பாவுக்கு மேலதிகாரியாக இருந்து ரகசிய ரிப்போர்ட்டில் கன்னாபின்னாவென்று எழுதி அந்த புரமோஷனைக் கெடுத்த ஆள். நீ சின்ன வயதில் பாகற்காய் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தால் குணசேகரன் வீட்டில் கொண்டுபோய் விடுவேன் என்று அப்பா மிரட்டுவார். அவர் போன வருஷம் பக்கவாதத்தில் விழுந்துவிட்டார், மகன் சிட்னியில், ஹப்சிகுடா வீட்டில் அவரும் மனைவி பாமாவும் மட்டும்தான். கேள்விப்பட்ட அன்றைக்கே அப்பா ஸ்கூட்டரை எடுத்தார். அந்த ஆள் எப்படிப் படுத்திருக்கிறான் என்று கண்ணாரப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார், பொய் சொல்லவில்லை. பார்த்தவர் தாடி கோரமாக வளர்ந்திருக்கிறதே என்று ஷேவ் செய்துவிட்டு வந்திருக்கிறார். அன்றிலிருந்து போய்க்கொண்டே இருக்கிறார். சம்பளத்துக்கு ஓர் ஆள் இருந்தும் ஷேவ் செய்வது, ஆளைப் புரட்டிப் போட்டு முதுகைத் துடைப்பது, புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் இவர்தான். அப்படியானால் மன்னித்துவிட்டீர்களா என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். மன்னிப்பெல்லாம் நக்கோ, வேண்டாம், ஷேவ் மட்டும்தான் என்று இந்த ஊர் உருதுவைக் கலந்து சொன்னார். அதனால் அதை எழுதலாம் என்றதும் அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. அது சேவை இல்லையாம், அது ஆபீஸ் விஷயமாம். தவிர ஆல்வின் போட்டோ கேட்பான், வாய் கோணிக் கிடக்கிறவனைக் கோயில் திரையில் காட்டச் சொல்கிறாயா என்று கேட்டார்.

ஆக விசிலுக்கும் மைக்குக்குமாக மார்க் போட்டதில் அப்பாவுக்குக் கடைசி இடம், பன்னிரண்டாவது. அதிலும் ஒரு கூத்து. கடைசி நாற்காலி யூதாசுடையது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கடைசி என்றால் இடப்பக்கமிருந்தா வலப்பக்கமிருந்தா என்று ஒரு கூட்டம் முழுக்கச் சண்டை, இரண்டு ஓரத்திலும் உட்கார ஆள் இல்லை. ஃபாதர் பாவம், ஆண்டவர் யூதாசுக்கும்தானே காலைக் கழுவினார் என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிப் பார்த்தார், ஒருத்தரும் சமாதானம் ஆகவில்லை. கடைசி மார்க் வாங்கியவருக்குக் கடைசி நாற்காலி என்று தைரியநாதன் சார் தீர்த்துவைத்தார். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது, நான் வரவில்லை என்று கூட்டத்தில் ஒருமுறை சொல்லவும் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் வினையாயிற்று. வீட்டுக்கு வந்ததும் கோபம் தணிந்து, யூதாசோ எவனோ, நாற்காலி நாற்காலிதானே என்றார். மற்றவர்கள் பியூட்டி பார்லரில் போய்க் காலைப் பளபளப்பாக்கிக்கொண்டு வந்தார்கள், ஃபாதருக்குக் கழுவ ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை. இவர் வீட்டிலேயே வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, கல்லால் தேய்த்து, நகம் வெட்டி, புது வேட்டி கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் தயாராகி வாசலில் நின்றார்.

அப்போதுதான் பாமா போன் செய்தாள். பார்த்துக்கொள்கிற ஆள் லீவு சேர்ந்து வருகிறதென்று ஊருக்குப் போய்விட்டானாம், குணசேகரன் கட்டிலிலிருந்து சரிந்து தரையில் கிடக்கிறார், அவளால் தூக்க முடியவில்லை, அசுத்தமும் ஆகிவிட்டது, அழுகிறாள். அப்பா தன் காலை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு எதுக்கு இன்னைக்குப் பார்த்து விழுந்தானோ என்று திட்டிக்கொண்டே, பாதம் கழுவுவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறினார். நான் ஆட்டோவில் தனியாகக் கோயிலுக்குப் போனேன். ஃபாதர் பதினோரு பேருக்குக் கழுவி முடித்துவிட்டு, தண்ணீர்ப் பாத்திரத்தோடு அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் கொஞ்ச நேரம் முழங்காலிலேயே இருந்தார். ஆல்வின் அதைத்தான் படம் பிடித்தான்.

பூசை முடிந்து நான் வந்து வெகுநேரம் கழித்துத்தான் அப்பா வந்தார். வேட்டி பார்க்கச் சகிக்கவில்லை, காலெல்லாம் அழுக்கு. என் நாற்காலியில் யாரை உட்காரவைத்தார்கள் என்று கேட்டார். யாரையும் இல்லை என்றேன். சரி என்றார். கழுவித் துடைத்துக் கட்டிலில் படுக்கவைத்தபோது அந்தக் குணசேகரன் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஆபீஸ் ஆளுங்ககிட்ட மட்டும் சொல்லிடாதேய்யா என்று குழறிக் குழறி அழுதாராம். அந்த ஆபீசையே நடுங்கவைத்தவர். நம் கோயிலில் பாதிப் பேர் அந்த ஆபீஸ் ஆட்கள்தான், அதனால் நீயும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நான் இப்போது அதை மீறிக்கொண்டிருக்கிறேன், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் பெரிய வெள்ளி. சிலுவைப்பாதை முடிந்ததும் தைரியநாதன் சார் மைக்கைப் பிடித்து, யூதாசின் நாற்காலி என்று கோபித்துக்கொண்டு வராமல் இருந்தவர்களின் ஆணவத்துக்காகவும் செபிப்போம் என்றார். அந்த மைக்கைக் காலையில் சரிசெய்து கொடுத்ததே உன் அப்பாதான். அவரும் எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னார். எனக்கு நாக்கு அரித்தது, செய்த சத்தியம்தான் தடுத்தது. நல்ல மனுஷனை இப்படி நிற்கவைத்துவிட்டார்களே என்று வீட்டுக்கு வந்து சமையலறையில் அழுதேன்.

அதற்கப்புறம்தான் உன் மெயில். ஒரு நாற்காலிக்காக இந்த வயதில் கோயிலில் குடும்ப மானத்தை வாங்கிவிட்டீர்கள், சேவை என்றால் என்னவென்று தெரியாதவருக்கு விருது எதற்கு என்று எழுதியிருந்தாய். வழக்கம்போல சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார், பாதியில் குரலை நிறுத்திக்கொண்டு மீதியை மனதுக்குள் படித்தார். பொண்ணு சொல்றதும் நியாயம்தானே என்றார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஹப்சிகுடாவுக்குக் கிளம்பினார்.

அதனால் ஜெசி, மன்னிப்புக் கேட்டு நீ ஒரு வரிகூட எழுதாதே. எழுதினால் நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துவிடும், அவர் அந்த ஆளுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். குணசேகரன் எப்படி இருக்கிறார் என்று போனில் விசாரிக்கவும் கூடாது. மன்னிப்புக் கேட்காமல் அவரிடம் பிரியமாக இருப்பது எப்படி என்று நீதான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும், கஷ்டம்தான். அவர் கடைசி வரைக்கும் நீ அந்த மெயிலில் எழுதியபடியே தன்னை நினைத்துக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டு இருக்கப்போகிறார்.

மூன்று பேருக்கும் என் ஆசீர். வேளாங்கண்ணி மாதா உங்களைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். நேத்தனுக்குத் தமிழில் பரமண்டல மந்திரம் சொல்லிக்கொடு, ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. மாப்பிள்ளையிடமும் சொல்ல வேண்டாம், நல்ல பிள்ளைதான், ஆனால் அவரும் அந்த யாகூ குரூப்பில் இருக்கிறார்.

உன் பிரியமுள்ள அம்மா,
ஞானசௌந்தரி