ஆளில்லாத காம்பரா

புதுப் பெயின்ட் மணம் இன்னும் போகவில்லை. நமுனுகுலைப் பக்கம், மண் சரியாத மேடு என்று சொல்லி, போன வாரம் எங்களுக்கும் ஒரு வீட்டுச் சாவி கொடுத்தார்கள். முதல் சாவி உன் அம்மாவுக்கு. சாவு விழுந்த குடும்பத்துக்கு முன்னுரிமையாம். ரிப்பன் வெட்ட ஒரு பெரியவர் வந்தார். நீ இருந்திருந்தால் அந்தக் கத்தரிக்கோலை நாம் ஒளித்து வைத்திருப்போம்.

பள்ளிக்கூடம் விட்டுத் தேயிலைக்கு நடுவே நம் லயத்து வரிசை வீடுகளுக்கு நடந்து வரும்போது நீ லட்சம் வருஷத்துக்கு அப்பால்தான் பேசுவாய்.

"மனுஷன் ஒருநாள் வேற கிரகத்துல இருப்பான்டா."

"இருப்பான். அங்கயும் நமக்கு லயம்தான். காத்து பத்தலன்னா காலைப் பெரட்டுல, வேலைக்குப் பேர் கூப்பிடுற எடத்துல, வரிசையா நிக்க வச்சு ஊதச் சொல்லுவான்."

நீ சிரித்துச் சிரித்துப் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாய். "அதுக்குள்ள நமக்கு ஒரு வீடு வந்துரும்டா. இந்த எலெக்ஷன்ல இல்லன்னா அடுத்ததுல." உனக்கு நம்பிக்கை இருந்தது. எனக்கு வாய் மட்டும்தான்.

அந்த மழையின் ஐந்தாம் நாள் எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் தங்கச் சொன்னார்கள். கூடவே ஒரு பேச்சும் பரவியது: புது வீட்டுக்குப் பேர் எழுத ஆள் வருகிறது, ஆளில்லாத காம்பராவுக்கு வீடில்லை. ஒற்றை அறைக் காம்பரா ஒவ்வொன்றிலும் ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் பள்ளிக்கூடத்துக்கு இறங்கினார்கள். இப்படி ஒரு பிழையை யார் செய்வார்கள்? தலைமுறை தலைமுறையாக 'உங்க பேர் விட்டுப்போச்சு' என்றே கேட்டு வந்தவர்கள் செய்வார்கள்.

நம் இரண்டும் லயத்தின் கடைசிக் காம்பராக்கள். காலையில் இரண்டுக்கும் நீ காவல், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நான். "லயத்துக்கு முன்னால ரெண்டெழுத்து சேர்த்து நாக்கைக் கொஞ்சம் மடிச்சா பிரளயம், பாத்துக்க" என்று சொல்லித்தான் உன்னை அனுப்பினேன்.

சாப்பிட்டு முடித்தும் நான் கிளம்பவில்லை. உன்னைப் பசியில் கொஞ்சம் காயவிடலாம் என்று பள்ளிக்கூடச் சமையல் கொட்டிலுக்குப் பின்னால் ஒளிந்தேன். மேலேயிருந்து கூப்பிட்டாய்.

"டேய்! வாடா, பசிக்குதுடா!"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மூன்று தடவை கூப்பிட்டாய். பிறகு மலை இறங்கியது. காவலிருந்த மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். கடைசி இரண்டு காம்பராக்களை மட்டும் மண் கொண்டுபோனது.

சாவி கொடுத்த அன்று, பட்டியலோடு வந்தவரிடம் அப்பா அந்தப் பேச்சைப் பற்றிக் கேட்டார். "ஆள் இருக்கணும்னு யாருங்க சொன்னது? பேரெல்லாம் வாக்காளர் லிஸ்ட்ல இருந்தே எடுத்தாச்சே" என்றார் அவர். இப்போதெல்லாம் ஓட்டுக்கு மட்டும் நம் பேர் விட்டுப்போவதில்லை. வேறு கிரகத்துக்கு மனிதன் போவானோ என்னவோ. போனாலும், இங்கே காவலுக்கு யாரையாவது விட்டுவிட்டுத்தான் போவான்.

நேற்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "பெரியம்மா, அன்னைக்கு நான் வேணும்னேதான் ஒளிஞ்சிருந்தேன்."

அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"நீ நேரத்துக்குப் போயிருந்தா, உள்ள நீ இருந்திருப்ப."

அது ஆறுதலா, ஆசையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே போய் நிற்கிறேன். பொடியன்கள் கிண்டல் செய்கிறார்கள். கூப்பிட்டது நீ இல்லை என்று தெரிந்தும் ஓடுகிறேன்.