பதினைந்து வருடப் பழைய மதிப்பெண்

செப்டம்பர் 13, 2022

உருளைக்கிழங்கு அறுவடை. நோயாளிகள் பாதிப்பேர் வயலில் இருக்கிறார்கள், பல் கிளினிக்கில் நாற்காலி காலி. அந்த நேரத்தில் மூன்று பல் மருத்துவக் கல்லூரிகளுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிவிட்டேன். 2007இல் படித்த வேதியியலும் உயிரியலும் சேர்க்கைக்கு இன்னும் செல்லுமா? அவ்வளவுதான் கேள்வி.

அப்பா படுக்கையில் விழுந்ததால் அன்று விண்ணப்பிக்க முடியவில்லை. அதன்பிறகு பதினான்கு வருடம் அடுத்தவர் பல்லைச் சுத்தம் செய்தே போய்விட்டது. வருத்தம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முப்பத்தேழு வயதில் இந்த ஆசை ஏன் தூங்க மாட்டேன் என்கிறது?

செப்டம்பர் 20

முதல் பதில். ஏழு வருடத்துக்கு மேற்பட்ட பாடங்களை ஏற்பதில்லை. இரண்டே வரி.

செப்டம்பர் 21

கோபம் அடங்கவில்லை. கரிம வேதியியலில் வகுப்புக்கே நான்தான் முதல். பகலில் அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படிச்சது அது. பால் டப்பாவா அது, தேதி போட்டுத் தூக்கி எறிய?

நார்மண்ட் லாரியிலிருந்து இறங்கி, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அந்தப் பதிலைப் படித்தார். "ஏழு வருஷமா? நமக்குக் கல்யாணமாகி பன்னெண்டு ஆச்சே, ஒடீல். அதுவும் செல்லாதா?"

சிரித்துத் தொலைத்தேன்.

அக்டோபர் 4

இரண்டாவது கல்லூரி பதிலே போடவில்லை. வீடு திரும்பும் வழியில், வண்டியிலிருந்தே மூன்றாவது கல்லூரிக்கு நானே போன் செய்தேன். சேர்க்கைப் பிரிவில் திருமதி ஹேதார்ன் என்பவர் பேசினார். நிதானமான குரல்.

"பழசுங்கிறதுக்காக நாங்க தள்றதில்லைங்க. உங்க மதிப்பெண் செல்லும். ஆனா குழு ஒண்ணு கேக்கும், இந்த அம்மாவால இப்பவும் படிக்க முடியுமான்னு. அதுக்கு நீங்க பதில் வச்சிருக்கணும்."

செல்லும்! அந்த ஒரு சொல்லுக்கே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 5

இப்பவும் படிக்க முடியும் என்று காட்ட ஜனவரியில் உயிர்வேதியியல் வகுப்பில் சேரப்போவதை டாக்டர் லூசி மிஷோவிடம் சொன்னேன். என் முதலாளி, என்னைவிட ஆறு வயது இளையவள். "நீ போயிட்டா பாதிப்பேர் இங்க வர்றதை நிறுத்திடுவாங்கடி" என்று திட்டினாள். மத்தியானம் என் வேலை அட்டவணையில் செவ்வாயும் வியாழனும் அடிக்கப்பட்டிருந்தன. வகுப்பு நடக்கும் நாட்கள்.

ஜனவரி 17, 2023

முதல் வகுப்பு. பனியில் ஐம்பது மைல். என்னை ஆசிரியர் என்று நினைத்து ஒரு பையன் எழுந்து நின்றான்.

பிப்ரவரி 9

61.

பிப்ரவரி 10

அறுபத்தொண்ணு. அந்த முதல் கல்லூரிக்காரன் சொன்னது சரிதானோ? எல்லாம் மறந்துபோச்சா? நொதி, வினைவேகம் - தலையில எதுவுமே நிக்கல. விட்டுடலாமா?

விடமாட்டேன். வீட்டில் யாரிடமும் மதிப்பெண்ணைச் சொல்லவில்லை. பழைய வேதியியல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டேன். தினம் காலை நாலரை மணிக்கு.

மார்ச் 16

84.

மே 11

இறுதித் தேர்வு 96. வகுப்பில் இரண்டாவது. முதலிடம் அந்த எழுந்து நின்ற பையனுக்கு. போகட்டும், அவன் உழைத்தான்.

பிப்ரவரியின் 61ஐ இன்றுதான் நார்மண்டிடம் சொன்னேன். "தெரியும். நீ மூணு நாள் யார்கிட்டயும் சண்டை போடல."

ஆகஸ்ட் 2

நுழைவுத் தேர்வும் முடிந்தது. விண்ணப்பம் போய்விட்டது. மூன்றாவது கல்லூரிக்கு மட்டும்.

அக்டோபர் 27

நேர்முகம். மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியர் என் காகிதங்களைப் புரட்டிவிட்டு நேராகவே கேட்டார்: "உங்க வேதியியல் பதினாறு வருஷம் பழசு. அதுல இன்னைக்கு என்ன மிச்சம் இருக்கு?"

குரல் நடுங்கவில்லை.

"சீழ் பிடிச்ச பல்லுக்கு மரப்பு ஊசி ஏன் சரியா பிடிக்க மாட்டேங்குதுன்னு வாரத்துல ரெண்டு பேராவது என்கிட்ட கேக்குறாங்க. அந்த இடத்துல அமிலம் அதிகம். மருந்து மின்னேற்றம் ஏறி நரம்புக்குள்ள நுழைய முடியாம வெளியவே நின்னுடுது. இதை விறகு வெட்டறவருக்கும் புரியற மாதிரி சொல்லுவேன். பதினஞ்சு வருஷமா தினமும் அந்தப் பாடத்தைத்தான் எடுத்துப் பயன்படுத்துறேன் சார். பழசாக அதுக்கு நேரமே கிடைக்கல."

அவர் எதுவோ எழுதிக்கொண்டார். பக்கத்தில் இருந்த பெண் புன்னகைத்தாள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. அப்படி நான் பேசினேன். நான்தான் பேசினேன்.

டிசம்பர் 15

காலை 9.10. திருமதி ஹேதார்னே கூப்பிட்டார், போனை ஸ்பீக்கரில் போட்டேன். வாயில் முகக்கவசம், கையில் கருவி, நாற்காலியில் வாய் திறந்தபடி தபால்கார ரூடி.

"சேத்துக்கிட்டாங்க, ஒடீல்."

ரூடி வாயை மூடாமலேயே கை தட்டினார்.

ஜூலை 30, 2024

எனக்குப் பதிலாக வரப்போகும் பெண்ணுக்கு இன்று எல்லா இழுப்பறைகளையும் திறந்து காட்டினேன். எந்த ஊர் கிளினிக்குக்குப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

"கிளினிக் இல்ல, படிக்கப் போறேன்" என்றேன்.

"என்ன படிக்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து அறையிலிருந்து லூசி கத்தினாள்: "என் நாற்காலியைப் பறிக்க!"

நான் மறுக்கவில்லை.