பைகளுக்குக் காவல்

மே 8, வியாழன்

வெயில் தாங்கவில்லை. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கரண்ட் இரண்டு முறை போனது.

காலை பஸ்ஸில் கூத்தாநல்லூர். டெய்லர் பாத்திமாவிடம் நைலான் உடுப்பு வாங்கினேன். கருநீலம், முழுக்கை, கணுக்கால் வரை. ஞாயிறன்று மகன் குடும்பத்தோடு போகப்போகும் தண்ணீர்ப் பூங்காவில் புடவையோடு இறங்க விடமாட்டார்களாம். நைலான் வாடகைக்குத் தருவார்களாம். ஊரார் நனைத்ததை நான் போடுவதா?

போன வாரம் அளவெடுக்கும்போது மருமகளுக்கா என்று கேட்டாள். எனக்கு என்றேன். சிரிக்கவில்லை. இன்று சொன்னாள்: "இடுப்புல நாடாவ இறுக்கிக் கட்டிக்குங்கம்மா. தண்ணி உள்ள போனா பலூன் மாதிரி ஊதும். எங்க ஊர்ப் பொண்ணுங்களுக்கு நெறைய தெச்சிருக்கேன்." நல்ல பெண். கழுத்துத் தையல் கோணல். பிரித்துத் தைக்க வைத்தேன்.

கல்யாணத்துக்கு முன் வெண்ணாற்றில் அக்கரை போய்த் திரும்பியவள் நான். இந்த வீட்டில் பெண்கள் ஆற்றில் இறங்கும் வழக்கமில்லை என்றார்கள். சரி என்று இருந்துவிட்டேன். அவரும் போய் ஆறு வருடம். ஞாயிறு இறங்குவேன். யாரிடமும் சொல்லவில்லை.

மே 10, சனி

முரளி, சுதா, பேத்தி நிலா மூவரும் சென்னையிலிருந்து மதியம் வந்தார்கள். வந்ததும் மூவரும் போனில். மகன் இளைத்திருக்கிறான்.

புளி ஊறப்போட. அப்பளம். நிலாவுக்குத் துண்டு. மாத்திரை.

மே 11, ஞாயிறு, மாலை

கோபம் ஆறவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அரை மணி. பூங்கா வாசலில் காவலாளி என் தூக்கைத் திறந்து பார்த்தான். "வெளிச் சாப்பாடு உள்ள விடறதில்லம்மா." விடியலில் எழுந்து கிளறிய புளிச்சோறு காரிலேயே வெந்தது. உள்ளே விற்கும் பிரியாணியை நாய் முகராது.

அது போகட்டும். கையில் மாட்டும் வளையம். தண்ணீரில் இறங்குவோருக்குப் பச்சை, வேடிக்கை பார்ப்போருக்கு வெள்ளை. மூன்று பச்சை. எனக்கு வெள்ளை. முரளி போனிலேயே டிக்கெட் எடுத்துவிட்டானாம்.

"நீ எங்கம்மா இறங்கப்போற. நிழல்ல ஜம்முனு உக்காரு" என்றான் முரளி.

சுதா: "அத்தை இருக்கறதால நல்லதாப் போச்சு. பைய பாத்துக்குவாங்க."

வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பெற்ற பிள்ளையிடம் எனக்கும் ஒரு பச்சை வளையம் வாங்கிக்கொடு என்று கெஞ்சுவதா?

குடைக்கடியில் நாற்காலி. மடியில் மூன்று போன், காலடியில் செருப்புகள். பக்கத்துக் குடும்பத்துக்காரி, முன்பின் தெரியாதவள், தன் மூட்டையையும் கொண்டுவந்து வைத்தாள். "சும்மாத்தானே உக்காந்திருக்கீங்க, ஆயா."

அதோடு எழுந்தேன். அவள் மூட்டையை அவளிடமே கொடுத்தேன். எங்கள் பொருள்களை லாக்கரில் வைத்துப் பூட்டிச் சாவியை மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். கவுண்டரில் வெள்ளைக்கும் பச்சைக்கும் உள்ள வித்தியாசப் பணத்தைக் கட்டினேன்.

"கூட யாரு வர்றாங்க பாட்டி?"

"நான்தான் வர்றேன்."

பச்சை வளையம். உடை மாற்றும் அறையில் நாடாவை இறுக்கினேன். அலைக்குளத்து வழியில் நாலு தடியன்கள் வரிசைக்குள் நுழையப் பார்த்தார்கள். கான்வென்டில் படித்த ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொன்னேன். பின்னால் போனார்கள்.

தண்ணீரில் ஒரே மருந்து வாடை. ஆனால் தண்ணீர். கை கால் எதையும் மறக்கவில்லை. மல்லாந்து படுத்துக் காதைத் தண்ணீருக்குள் விட்டேன். எந்தச் சத்தமும் இல்லை.

தலையைத் தூக்கினால் ஒலிபெருக்கி. நீடாமங்கலத்திலிருந்து வந்த அம்மாவைக் காணவில்லை. வயது எழுபத்தெட்டு. ஊதாப் புடவை. நடக்கச் சிரமப்படுவார். பார்த்தவர்கள் தகவல் தரவும்.

எனக்கு எழுபத்திரண்டு. புடவை மாந்தளிர். மாடிப்படி தினமும் ஏறுகிறேன். இவ்வளவு தப்பாகச் சொல்லித் தேடப்படும் பெண் யாரோ. மறுபடி மல்லாந்துகொண்டேன்.

நிலாதான் பார்த்தாள். "அப்பா, அப்பாயி அங்க மெதக்குறாங்க." முரளி முகம் வெளுத்து, குளத்துக்குள் விழுந்தடித்து ஓடி வந்தான். நான் எழுந்து நின்றேன். இடுப்பளவுதான்.

"சொல்லிட்டுப் போயிருக்கலாம்லம்மா? உசுரே போயிடுச்சு." என் மணிக்கட்டைப் பிடித்தவன் விடவில்லை. அது மட்டும் உறைத்தது எனக்கு.

"நீ கேட்டுட்டு டிக்கெட் எடுத்திருக்கலாம்ல?"

திரும்பும் காரில் வல்லம் தாண்டியதும் நிலா கேட்டாள், "அப்பாயி, மல்லாக்கப் படுத்தா எப்படி முங்காம இருக்கீங்க?" சுதா அவளை அதட்டினாள்.

மே 12, திங்கள்

காலை கிளம்பிவிட்டார்கள். முரளி காலில் விழுந்தான், முகத்தைப் பார்க்கவில்லை. தோள் வலி. தைலம்.

மே 15, வியாழன்

சாயங்காலம் தூறல்போல் பாவனை, பெய்யவில்லை. பால்காரர் வரவில்லை.

முரளி போன் செய்தான். வழக்கம்போல் மாத்திரை, மோட்டார், கேஸ். போனை வைக்கப்போனேன்.

"அம்மா, அடுத்த மாசம் ராமேஸ்வரம் போலாம்னு இருக்கோம். கடல்ல நீயும் இறங்குவியா?"

கேட்டான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நாளைக்குக் காலைவரை காத்திருக்கட்டும்.