உவர்நகரத்து நாற்காலி

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
கல்லறைத் திருநாளுக்கு மறுநாள்

அன்புத் தம்பி ரிச்சர்டுக்கு,

அக்கா லூர்துசெல்வி எழுதுவது. நீயும் சிந்தியாவும் துலூஸில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. முட்டிவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பா அம்மா கல்லறையை நேற்றே கழுவிப் பூ வைத்து, உன் பேரில் ஒரு மெழுகுவத்தியும் ஏற்றிவிட்டேன். காற்றில் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை நின்று எரிந்தது.

போனில் பேசாமல் ஏன் தாளில் எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். போன மாதம் என் போன் பழுதாகி, அன்பழகன் கடையில் கொடுத்தேன். காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தான். அதிலிருந்து, நானும் நீயும் இரவில் பேசுவதை அவன் காலையில் வந்து விசாரிக்கிறான். சிந்தியாவுக்குப் பல்வலி என்று நீ சொன்னது எனக்குத்தான் தெரியும். மறுநாள் அவன், "அண்ணிக்குப் பல்லு தேவலையாக்கா?" என்று கேட்டான். அதனால்தான் இதை ஆரோன் கையில் கொடுத்தனுப்புகிறேன். விடுமுறை முடிந்து துலூஸுக்குத் திரும்புகிறவன், நேரில் கொண்டுவந்து தருவான்.

படத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். 'உவர்நகரம்' தொடர்கதையாக வந்தபோது வாராவாரம் பத்திரிகைக்காக நீ கடை வாசலில் நின்றதும், இந்தத் தெருவில் வாசகர் மன்றம் ஆரம்பித்ததும் எனக்கு மறக்கவில்லை. நீ பிரான்சு போன பிறகு மன்றத்தை அன்பழகன் எடுத்து நடத்தினான். உவர்நகரத்தைப் படமாக எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் எத்தனையோ புதுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். எனக்கு அந்தக் கதை அவ்வளவாகப் பிடிபடாது. ஆனாலும் உனக்காகத்தான் காலைக் காட்சிக்குப் போனேன்.

டிக்கெட் கொடுக்கும் இடத்தில் இருந்த பக்கிரி என்னிடம் படித்த பையன். "எல்லா சீட்டும் புக் ஆயிடுச்சு டீச்சர். ஆனா ஒருத்தரும் வரல. சும்மா போயி உக்காருங்க" என்றான். உள்ளே நான் ஒருத்திதான். அவ்வளவு பெரிய கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருப்பது வேடிக்கையாக இருந்தது. காலி இருக்கைகளைப் போனில் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பினேன். நீ அதை இணையத்தில் போட்டு, வெளியே 'ஹவுஸ்ஃபுல்' என்று காட்டுகிற காட்சிக்கு உள்ளே ஆளில்லை, நாவலை நேசிக்கிறவர்கள் இப்படி ஏமாற்றக் கூடாது என்று எழுதினாய். எழுதியதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. போட்டோவை யார் எடுத்தது என்று மட்டும் நீ சொல்லவில்லை.

பள்ளியில் ஆய்வாளர் வரும் நாளில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காலி பெஞ்சுகளை நிரப்புவோம். அதற்குப் பிள்ளைகளாவது வேண்டும். இந்த மன்றத்துப் பிள்ளைகள் காலி பெஞ்சுகளையே விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். டிக்கெட்டுக்காக ஒருத்தி மகளின் கொலுசை அடகு வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் ஊரே திரண்டு வரும் என்று எல்லாரும் நிஜமாகவே நம்பினார்கள். நீ எழுதியது பரவிய பிறகு இருந்த கூட்டமும் குறைந்தது. அதற்கு நீ காரணமில்லை, படம்தான் காரணம். ஆனால் அதை அவர்களிடம் யார் சொல்வது?

அந்தக் கதையில் கடலுக்கும் நகரத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தானே. தினமும் சாயங்காலம் ஊரே சுவரடியில் கூடி, 'தண்ணி இறங்குது' என்று சொல்ல வேண்டும். எல்லாரும் நம்பிச் சொன்னால் சுவர் நிற்கும். ஒருவர் சந்தேகப்பட்டாலும் அந்த இடத்தில் நீர் கசியும். சந்தேகப்பட்டவருக்குப் பெயர் 'கசிவு'. இதையெல்லாம் நீதான் எனக்குச் சொன்னாய், அப்போது சிரித்துக்கொண்டே கேட்டேன். இப்போது மன்றத்துப் பிள்ளைகள் சாயங்காலமானால் குருசுக்குப்பம் கடற்கரையில் கூடுகிறார்கள். அன்றைய வசூலை அன்பழகன் சொல்கிறான். ஒரு பையன், "சனிக்கிழம ஷோவயே தூக்கிட்டானுங்கண்ணே" என்று சொல்லிப் பார்த்தான். "தூக்கல. தண்ணி இறங்குது" என்றான் அன்பழகன். மற்றவர்களும் சேர்ந்து சொன்னார்கள். அந்தப் பையனும் சொன்னான். நான் ரொட்டி வாங்கப் போனவள், கேட்டுக்கொண்டு நின்றேன்.

உன் பெயரை யாரும் சொல்வதில்லை. 'கசிவு' என்றுதான் சொல்கிறார்கள்.

திட்டினால்கூடப் பரவாயில்லை. முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நின்றவள் நான், கத்துகிற பிள்ளையைக் கண்டு பயந்ததில்லை. இவர்கள் அன்பாக இருக்கிறார்கள். தேங்காய்த்திட்டிலிருந்து ஒருவன் வஞ்சிரம் கொண்டுவந்து, சுத்தம் செய்தே கொடுக்கிறான். ஒழுகிக்கொண்டிருந்த குழாயை இன்னொருவன் மாற்றினான். வருகிறவர்கள் எல்லாரும், "அண்ணன் படத்தோட அம்பதாவது நாளுக்கு வந்துடுவாருல்ல? எந்த ஃபிளைட்டு?" என்றுதான் கேட்கிறார்கள். இதைக் காவல்நிலையத்தில் எப்படிச் சொல்வது? எனக்கு மீன் கொடுக்கிறார்கள், என் தம்பி எப்போது வருவான் என்று கேட்கிறார்கள் என்றா?

போன வாரம் கடற்கரையில் ஒரு நாற்காலி வைத்திருந்தார்கள். மரநாற்காலி, கைப்பிடியில் தோல்வார் தைத்தது, படத்தில் வருவது போலவே. கசிவு என்று பிடித்தவரைக் கடலைப் பார்த்து உட்காரவைத்து, அவர் வாயாலேயே 'தண்ணி இறங்குது' என்று சொல்லவைப்பார்களே, அந்த நாற்காலி. சுற்றுலா வந்தவர்கள் அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகள்கூட ஏறிக் குதித்தன. நானும் முதலில் வேடிக்கையாகத்தான் பார்த்தேன். ஆனால் வசூல் குறைந்த நாள்களில் அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறார்கள், கடல் பக்கமாக. இப்போது அலை வந்தால் அதன் கால் நனைகிறது. சுற்றுலாக்காரர்கள் இப்போது அதில் உட்காருவதில்லை. காரணம் கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

உட்கார்ந்தவர் திரும்பி வருவாரா என்று ஒருநாள் அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம். நாவலில் அதைப்பற்றி ஒன்றும் இல்லையாம். ஒருத்தி, "சொல்லிட்டா விட்டுடுவாங்க, அதான் லாஜிக்கு" என்றாள். இன்னொருவன், "சொன்னவன் ஒருத்தனையாச்சும் அப்புறம் காட்னாங்களா, சொல்லு" என்றான். அன்பழகன் நடுவில் வந்து, "அம்பதாவது நாளு தெரிஞ்சிடும். எதுக்கு அடிச்சிக்கிறீங்க?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு வீடுவரை கூடவே வந்தான். வழியில், "அக்கா, நீங்க படம் பாத்தீங்களா?" என்றான். இல்லை என்றேன். அதுவரை வாழ்நாளில் பிள்ளைகளிடம் பொய் சொன்னதில்லை. "பாக்கலாங்கா. நாமெல்லாம் சேந்தே பாக்கலாம்" என்றான்.

நேற்று ஹேமலதா வந்தாள். அவளும் மன்றத்தில் இருக்கிறாள், தையல் அவள் தொழில். நாற்காலியில் உட்காருகிறவருக்கு ஒரு சாம்பல் நிற அங்கி உண்டாமே, உனக்கு மரியாதை செய்வதற்காகத் தைக்கிறார்களாம். "அண்ணனும் நீங்களும் ஒரே உசரம்னு சொன்னாங்க டீச்சர், உங்கள வச்சே அளவு எடுத்துக்கறேன்" என்றாள். கையை விரித்து நின்றேன். தோளை அளந்தாள், இடுப்பை அளந்தாள். மணிக்கட்டை ஏன் இரண்டு தடவை அளக்கிறாய் என்று கேட்டேன். வாசலைப் பார்த்துக்கொண்டே, "அண்ணன வர வேணாம்னு சொல்லுங்க டீச்சர். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றாள். அதற்குள் வெளியிலிருந்து யாரோ, "இன்னா ஹேமா, முடிஞ்சிதா?" என்று குரல் கொடுத்தார்கள். டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தம்பி, நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். நேரில் போய்ப் பேசினால் தீர்ந்துவிடும், அவர்கள் சொல்லச் சொல்வது இரண்டே வார்த்தைதானே, சொல்லிவிட்டால் என்ன என்பாய். என் வகுப்பில் ஜன்னலை உடைத்தது யார் என்று பிள்ளைகளே விசாரித்து, ஒரு சாதுப் பையனைப் பிடித்து, "நான்தான்" என்று சொல்லவைத்தார்கள். சொன்னதும் விட்டுவிடுவார்கள் என்று அவன் நம்பினான். அதற்கப்புறம் வகுப்பில் எது உடைந்தாலும் அவன்தான். கடைசியில் அவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். வசூல் இனி ஏறாது, ரிச்சர்டு. நீ எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது.

அங்கே வந்துவிடு என்றும் சொல்வாய். விசா கையில் கிடைப்பதற்குள் அந்த ஐம்பதாவது நாள் வந்துவிடும். சென்னையில் ரூபி வீட்டுக்குப் போகலாமா என்று யோசித்தேன். பேருந்து நிலையத்துக்குக் கிளம்பிய அன்று அன்பழகன் வண்டியோடு வாசலில் நின்றான். "எங்கக்கா போகணும், நான் வுடறேன்" என்றான். மார்க்கெட்டுக்கு என்று சொல்லிவிட்டு, கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர்கள் எல்லாரும் இருக்கும்போது, அந்தப் போட்டோவை எடுத்தது நான் என்று சொல்லப் போகிறேன். காலி இருக்கைகளைப் பார்த்தது என் கண், உன் கண் இல்லை. யாரிடம் கேட்க வேண்டுமோ அவளிடமே கேட்கட்டும். அதிலும் சில பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். டீச்சரை என்ன செய்துவிடுவார்கள்? இந்தக் கடிதம் உன் கையில் சேரும்போது நான் சொல்லி முடித்திருப்பேன். தடுக்க நினைக்காதே.

வீட்டுப் பத்திரமும் அம்மாவின் சங்கிலியும் பங்குச் சாமியாரிடம் இருக்கின்றன. ஹேமலதாவின் மகள் படிப்புக்கு முடிந்தால் ஏதாவது செய், அவள் நல்லவள். சிந்தியாவிடம் பல்லை உடனே பார்க்கச் சொல், தள்ளிப்போட வேண்டாம்.

இனி நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் உன்னைக் கூப்பிடலாம். எனக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் சமாதானமாகிவிட்டது, ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று சொல்லலாம். என் குரல்தான் அது, உனக்கு நன்றாகத் தெரிந்த குரல்தான். அழுதாலும் அழுவேன். அப்போதும் வராதே, தம்பி.

அமலோற்பவ மாதா உன்னையும் உன் வீட்டையும் தன் போர்வைக்குள் வைத்துக் காப்பாளாக.

உன் அக்கா,
லூர்துசெல்வி