மிக்ஸியின் அடியில் ஒரு பச்சைப் புள்ளி

என்னங்க,

சாவியை ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போகிறேன். உங்களுக்கு இன்று லீவுதானே, கதவைத் திறக்க நீங்கள் இருப்பீர்கள். சாதம் வடித்தாயிற்று. வெங்காயமும் தக்காளியும் நறுக்கி வைத்திருக்கிறேன். நீங்கள் வாங்கிவந்த புது மிக்ஸியில் அரைத்துத் தாளித்துவிடுங்கள். மூடியை அழுத்திப் பிடிக்காவிட்டால் சுவரெல்லாம் தக்காளிதான்.

நேற்று, "கொள்ளை மலிவு! இவங்களுக்கு எப்படித்தான் கட்டுப்படியாகுதோ?" என்றீர்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது நீங்கள் வாங்கியதற்காக இல்லை. மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஸ்க்ரூ பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். எங்கள் கம்பெனியில் ஸ்க்ரூ முடுக்குகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம். பச்சை என்னுடையது. பெட்டியில் வேறு பெயரை ஒட்டி விற்கிறார்கள், அவ்வளவுதான்.

கட்டுப்படியாகும் விதத்தையும் கேளுங்கள். மணி அடித்த பிறகு, "இந்த ஒரு லோடை மட்டும் முடிச்சிட்டுப் போங்கம்மா" என்று சூப்பர்வைசர் வாசலை மறிப்பான். அதற்குச் சம்பளம் கிடையாது. ஏன் தினமும் லேட் என்று என்னோடு சண்டை போடுகிறீர்களே, அந்த நேரத்தைத்தான் நேற்று தள்ளுபடியில் வாங்கி வந்திருக்கிறீர்கள்.

இன்று மணி அடித்ததும் எங்கள் வரிசை மொத்தமும் எழுந்துவிடுவோம். பேசி முடிவாகிவிட்டது. பயப்படாதீர்கள். எங்கள் எல்லாரையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டு அவனா உட்கார்ந்து முடுக்கப்போகிறான்?

வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுவேன். சேர்ந்து சாப்பிடலாம்.

பி.கு.: மிக்ஸியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். நன்றாக ஓடும். முடுக்கியது நான்.