அபிகாயில் பயந்தாளா

மே 8, புதன்

பெண்கள் வேதபாடக் கூட்டத்தில் இன்று சீட்டு எடுத்தோம். ஒவ்வொருவரும் வேதத்திலிருந்து ஒருவரின் வாழ்க்கையைப் படித்து அடுத்த புதன்கிழமை பேச வேண்டும். எனக்கு வந்தது அபிகாயில். அவள் புருஷன் நாபால் தாவீதை அவமதித்தான். தாவீதின் ஆட்கள், நானூறு வாள்கள், அவள் வீட்டை நோக்கிக் கிளம்பின. இவள் கழுதைகளில் அப்பமும் இறைச்சியும் ஏற்றிப் போய்க் காலில் விழுந்தாள். போதகரின் மனைவி மசினா சீட்டை வாசித்தாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை என் மகன் எலிசாரா ஓட்டிய வண்டி பக்கத்து ஊர்ப் பெனியை மோதிவிட்டது. பெனி இன்னும் கண் திறக்கவில்லை. அவனுக்கு நான்கு அண்ணன்மார்.

மே 9, வியாழன்

நாய் குரைத்தால் ஓடிப்போய் எலிசாரா உள்ளே இருக்கிறானா என்று பார்க்கிறேன். இன்று ஏழு முறை.

மே 11, சனி

தம்பி பெலேயிடம் போனேன். குடும்பத் தலைவன் அவன்தான். இஃபோங்காவுக்கு, நம் மன்னிப்புச் சடங்குக்கு, அவன்தான் போக வேண்டும். விடியும்போது அடிபட்டவன் வீட்டு முன்னால், தலையில் நம் நல்ல பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும். மன்னித்தால் வந்து பாயை விலக்குவார்கள். இல்லையென்றால் கல் விழும். கத்தியும் விழலாம்.

"ரோட்டு நடுவுல நடந்தது அவன். நான் எதுக்குக்கா பாய்க்குள்ள குந்தணும்? போலீஸ் பாத்துக்கும்."

"போலீஸ் எம்புள்ளைக்குக் காவல் இருக்குமாடா?"

"கல்லு விழுந்தா என் மண்டையிலதான விழும்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கும் பயம். அதைச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன்.

மே 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும்போது வேதபாடக் கூட்டத்துத் தீனா கேட்டாள்: "உங்க வீட்டு நாபால் இன்னும் எந்திரிக்கலையாக்கா?" இரண்டு பேர் சிரித்தார்கள். என் தம்பியை நான் திட்டலாம். இவள் யார்?

பெனியின் அண்ணன் ஒருவன் நம் ஊர்க் கடை வரைக்கும் வந்து எலிசாராவின் வயதைக் கேட்டுவிட்டுப் போனானாம். வயது எதற்கு? எதற்காகக் கேட்டான்?

மே 14, செவ்வாய்

அந்த அதிகாரத்தை ஒன்பதாவது தடவை படித்தேன். இருநூறு அப்பம் அடுக்கும்போது அவள் கை நடுங்கியதா? வேதத்தில் இல்லை. எழுதியவர் ஆண்பிள்ளை, கேட்கத் தோன்றியிருக்காது.

புருஷனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சரி, அது புருஷன். எனக்கு இருப்பது தம்பி. நம் ஊரில் அக்கா தலையில் பாயைப் போர்த்திக்கொண்டு பகையாளி வாசலில் உட்கார்ந்தால், தம்பி வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடிக்க முடியாது. வந்தே ஆக வேண்டும். வராவிட்டால்? வராவிட்டால் நான் தனியாக.

யாரிடமும் சொல்லவில்லை. நாளை விடியற்காலை. பாயை எடுத்து உதறி வைத்திருக்கிறேன். கர்த்தாவே, எனக்குத் தைரியம் இல்லை. கால் மட்டும் நடந்தால் போதும்.

மே 15, புதன்

போனேன்.

பாய்க்குள்ளிருந்து தரை மட்டும்தான் தெரியும். நான்கு சோடிக் கால்கள் வந்து நின்றன. ஒன்றின் பக்கத்தில் கத்தி முனை. எனக்கு ஜெபம்கூட வரவில்லை; எண்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். முந்நூறு தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ ஓடி வரும் சத்தம். செத்தேன் என்று நினைத்தேன். பாய் தூக்கப்பட்டது, ஒரு பெரிய உடம்பு உள்ளே நுழைந்தது.

"நகருக்கா."

பெலே. பாயோடு போன என்னை யாரோ பார்த்து அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவன் தோள் என் தோளோடு நடுங்கிக்கொண்டே இருந்தது. வெயில் முதுகில் ஏறியது. முழங்கால் மரத்துவிட்டது. கடைசியில் பாயை விலக்கியது பெனியின் தாய் வாயோலா. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"எந்திரிங்க ரெண்டு பேரும். கோகோ கஞ்சி ஆறுது."

சாயங்காலம் கூட்டத்தில் என் முறை வந்தது. அபிகாயில் பயந்தாள் என்றேன்.

"எந்த வசனம்க்கா?" என்றாள் தீனா.

"வசனம் இல்ல. எனக்குத் தெரியும்."

மே 24, வெள்ளி

எலிசாரா மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லை. வழக்கு இனிமேல்தான். பெனி செவ்வாய்க்கிழமை கண் திறந்தான். இடது பக்கம் அசையவில்லை. புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கம் அவன் அண்ணன் பிடிக்கிறான், மறுபக்கம் என் மகன்.

இன்று சேப்பங்கிழங்கும் மீனும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். வாயோலா ஈரத்துணியை எலிசாரா கையில் திணித்து அதட்டிக்கொண்டிருந்தாள். "முதுக நல்லாத் துடைடா. எருமைய குளிப்பாட்டுற மாதிரி தேய்க்காத." என்னைக் கண்டதும் புகார் ஆரம்பித்துவிட்டாள். "இவனுக்கு ஒரு வேலையும் உருப்படியாச் சொல்லிக் குடுக்கலையா நீ?"

கிழங்கையும் மீனையும் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவள் அவனைத் திட்டுவது வெளியே வரைக்கும் கேட்டது. வராந்தா பெஞ்சில் சற்று உட்காரலாம் என்று உட்கார்ந்தவள், அங்கேயே தூங்கிப்போனேன்.