மூன்றாவது நிலைமை

செவ்வாய் 12

காலையில் பனி, பிறகு நல்ல வெயில். சப்பாத்தின் அடி பிய்ந்துவிட்டது, தைக்கக் கொடுக்கவேண்டும். இன்றும் மறந்துபோனேன்.

உயர்தர வகுப்பு, வணிகக் கல்வி. எதிர்காலத்தைத் திட்டமிடல். புத்தகத்தை மூடச் சொன்னேன். ஒரு கடையை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று நிலைமைகள்: நன்றாகப் போகும், இப்படியே போகும், கெட்டுப்போகும். எது வரும் என்று சாத்திரம் சொல்ல வேண்டாம். வந்தால் என்ன செய்வீர்கள்? மூன்றுக்கும் உதவுகிற வேலை எது?

முதலாவதைப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். மூன்றாவதில் விலையேற்றம், எதிரே புதுக் கடை. ஷிஃபானா மட்டும் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். அவள் ஊரான தெல்தெனியவில் வாப்பாவின் இரும்புக் கடையையே எடுத்திருந்தாள்.

"எழுதினா நடந்துடும் மாதிரி இரிக்கி, டீச்சர்."

வற்புறுத்தவில்லை. யாழ்ப்பாணத்தில் யுத்தத்தால் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டதற்கு முதல் நாள்கூட, அப்பா முற்றத்துக்குச் சீமெந்து போடுவது பற்றித்தான் கதைத்தார்.

திங்கள் 18

தெல்தெனியப் பக்கம் சிங்களக் கும்பல்கள் கடைகளுக்கு நெருப்பு வைக்கிறார்களாம். முஸ்லிம் கடைகள். இடைவேளையோடு பள்ளிக்கூடம் மூடியாயிற்று. பெற்றோர் வந்து வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். ஷிஃபானாவுக்கு ஆள் வரவில்லை. பஸ்ஸும் இல்லை. அவள் வாப்பாவைப் போனில் அழைத்தேன், கிடைத்தார்.

"நீங்களே வெச்சிக்கோங்க, டீச்சர். இங்க அனுப்ப வேணாம்."

திரீவீலில் கூட்டிவந்தேன். சாரதி கண்ணாடியில் அவளுடைய பர்தாவைப் பார்த்தார். பின்வீதியால் விட்டார்.

ரோட்டுப் பக்கத்து அறைகள்தான் எனக்கு வாடகைக்கு. பின்னால் வீட்டுக்காரம்மா, சிங்களவர், ஓய்வுபெற்ற தாதி. மறைக்காமல் சொன்னேன். பிள்ளையைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

வகுப்பில் கேட்டது எனக்கே வந்தது. இருக்கட்டும் என்பார், கண்டும் காணாமல் விடுவார், போகச் சொல்வார். மூன்றுக்கும் உதவுகிற வேலை? தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தேன்.

இருட்டுமுன் வந்தார், கையில் தலையணை. பிள்ளை ரோட்டுப் பக்கம் படுக்கக்கூடாதாம், தன் அறையில் படுக்கட்டுமாம், தான் இங்கே படுப்பாராம். "யாராவது வந்தா நான் பேசுறேன். நீங்க வாய் திறக்க வேணாம். உங்க சிங்களமே காட்டிக்கொடுத்துரும்" என்றார் சிங்களத்தில். உண்மைதான்.

செவ்வாய் 19

ஊரடங்கு. பேக்கரி மூடியிருக்கிறது, பாண் இல்லை. ரொட்டி, சம்பல்.

ஒருவரும் வரவில்லை. பல்லேகலப் பக்கம் புகை என்றார் வீட்டுக்காரம்மா. நான் எட்டிப் பார்க்கவில்லை.

வாப்பாவிடமிருந்து போன் வந்தது. கடை முழுக்க எரிந்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, உறவினர் வீட்டில் இருக்கிறார்கள். ஷிஃபானா "சரி வாப்பா, சரி வாப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு எல்லாருடைய கோப்பைகளையும் கழுவினாள். பிறகு குளியலறையில் நெடுநேரம் தண்ணீர் ஓடியது. நாங்கள் இருவரும் கதவைத் தட்டவில்லை.

வியாழன் 21

பகலில் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். வாப்பா வந்தார். சேர்ட்டில் கரி. வீட்டுக்காரம்மா கதிரையை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. தேத்தண்ணியை நின்றே குடித்தார்.

மகளைத் தன் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோய் விடப்போகிறாராம். படிப்பைப் பிறகு பார்க்கலாமாம். பரீட்சை இந்த வருசம் என்றேன்.

"அடுத்த மாசம் எங்க இரிப்போம் எண்டே எனக்குத் தெரியா, டீச்சர்."

போகும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். என் சப்பாத்து இன்னும் தைக்கவில்லை.

சனி 23

மழை. விடைத்தாள் திருத்த மனமில்லை. வீட்டுக்காரம்மாவின் தலையணையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "அங்கேயே இருக்கட்டும், அவசரமில்லை" என்றார்.

புதன் 27

பள்ளிக்கூடம் தொடங்கியது. பாதி வகுப்புத்தான். பாடவேளைக்குப் போனால் முன் கதிரையில் ஷிஃபானா. வாப்பாவின் தம்பி வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

இன்றைய அலகு காப்புறுதி: முன்கூட்டியே காசு கட்டிவைத்தால் நட்டத்துக்கு ஈடு. அவளிடம் போய் மெதுவாக, வேறு பாடம் எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் டீச்சர். கடைக்குக் காப்புறுதி இரிக்கி. கலவரத்துக்குக் காசு தருவாங்களா எண்டு கேட்டுட்டு வரச் சொன்னாரு வாப்பா."

சாதாரணத் தீக் காப்புறுதியில் கலவரம் சேராது. அதற்கு வேறாகக் கட்டியிருக்க வேண்டும். புத்தகத்தில் ஒரே வரி. வாசித்தேன். வகுப்பு முழுக்கத் தலை நிமிராமல் எழுதியது. அவளும் எழுதினாள்.